மூலை ஏன் வாய் பிளக்கிறது? வீட்டில் செய்யும் பட பிரேம்களின் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

நாலு சட்டம், ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு அட்டை. பிரேம் என்பது இவ்வளவுதானே என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறோம். செய்து முடித்த பிறகு மூன்று மூலைகள் அழகாகச் சேர்ந்திருக்கும், நாலாவது மட்டும் விரல் நகம் நுழையும் அளவுக்குத் திறந்து நிற்கும். அல்லது எல்லாம் நன்றாக அமைந்து, சுவரில் மாட்டி ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் உள்ளே படம் அலை அலையாக நெளிந்திருக்கும்.

பிரேம் வேலையில் கோளாறு தெரியும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறொன்று. அதனால் இடுக்கைப் பார்த்தவுடன் அதை அடைக்கும் மரப் புட்டியை எடுக்காதீர்கள். எங்கே, எப்போது, எந்தப் பக்கம் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுக் கை வையுங்கள். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். மரமும் காகிதமும் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும். அவை அசைவதற்கு நாம் இடம் விடாததால் வரும் கோளாறுகள் கீழே பல. உங்கள் பிரேமில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

மூன்று மூலை சேர்கிறது, நாலாவது சேரவில்லை

நாலாவது மூலையின் மேல் தவறில்லை. பிரேமில் மொத்தம் எட்டு வெட்டுகள். ஒவ்வொன்றிலும் அரை டிகிரி பிசகினால் எட்டும் சேர்ந்து நாலு டிகிரி. முதல் மூன்று மூலைகளை நாம் இறுக்கிச் சேர்த்துவிடுவதால் மொத்தப் பிசகும் கடைசி மூலைக்குத் தள்ளப்படுகிறது. 5 செ.மீ. அகலச் சட்டத்தில் 45 டிகிரி வெட்டுமுகம் சுமார் 7 செ.மீ. நீளம் இருக்கும். அதில் நாலு டிகிரி என்றால் ஒரு முனையில் 5 மில்லிமீட்டர் இடுக்கு. அரை டிகிரி என்பது கண்ணுக்கே தெரியாது, 5 மில்லிமீட்டர் அறையின் அந்தக் கோடியிலிருந்தே தெரியும்.

பசை போடாமல் நாலு துண்டையும் தரையில் சேர்த்து வைத்து, சுற்றிலும் ஒரு பட்டை கிளாம்ப் அல்லது தடித்த ரப்பர் பட்டையால் லேசாக இறுக்குங்கள். இப்போது பிசகு நாலு மூலைக்கும் பகிர்ந்துகொள்ளப்படும். இடுக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

வெளிப்பக்கம் திறந்து, உள்பக்கம் முட்டிக்கொண்டு நின்றால், துண்டின் வெளிமுனை 45 டிகிரியை விட அகன்றுவிட்டது. உள்பக்கம் திறந்திருந்தால் முனை தேவைக்கு மேல் கூர்மையாகிவிட்டது. இதைக் கண்டுகொண்டால் வெட்டும் பெட்டியை, அதாவது ரம்பத்தைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொடுக்கும் மைட்டர் பாக்ஸை, எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரிந்துவிடும். வெட்டும் பெட்டி மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆனது, கோணத்தை மாற்ற வழியில்லை என்றால், மரம் சாயும் பின்சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு முனையில் அட்டைத் துண்டுகளை அடுக்குங்கள். 15 செ.மீ. நீளத்தில் ஒரு முனையை 1.3 மில்லிமீட்டர் தள்ளினால் சட்டம் அரை டிகிரி திரும்பும். கழிவுத் துண்டுகள் இரண்டை அப்படி வெட்டி, மூலைமட்டத்துக்குள் வைத்துப் பார்த்துவிட்டு நல்ல மரத்துக்கு வாருங்கள்.

கோணம் சரியாக இருந்தும் மூலை திறக்கிறதா? அப்படியானால் நீளத்தைப் பாருங்கள். எதிரெதிர்ச் சட்டங்கள் இரண்டும் ஒரே நீளமாக இருந்தாக வேண்டும், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட மூலையில் வந்து நிற்கும். டேப்பால் அளக்க வேண்டாம். இரண்டு சட்டங்களையும் முதுகோடு முதுகு சேர்த்து நிறுத்தி, முனைகளை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது. அடுத்த முறை வெட்டும்போது ரம்பத்திலிருந்து தேவையான தூரத்தில் ஒரு கட்டையை அசையாமல் பிடித்துவைத்து, இரண்டு சட்டத்தையும் அதில் முட்டவைத்து வெட்டினால் இந்தத் தொல்லையே வராது.

பசை போட்டு இறுக்கிய பிறகு குறுக்கு மூலைகளை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் பிரேமின் நாலு மூலையும் செங்கோணத்தில் நிற்கின்றன. ஒன்று நீளமாக இருந்தால், அந்த இரண்டு மூலைகளையும் உள்ளங்கையால் மெல்ல உள்நோக்கித் தள்ளுங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

வெளிப்பக்கம் அரை மில்லிமீட்டருக்குக் குறைவான இடுக்கு மட்டும் மிச்சம் என்றால், பசை காயும் முன் ஸ்க்ரூடிரைவரின் வழவழப்பான தண்டால் மூலையின் விளிம்பை இரு பக்கமிருந்தும் அழுத்தித் தேயுங்கள். மர நார்கள் வளைந்து இடுக்கின் மேல் படிந்துவிடும். அதன் மேல் உப்புத்தாள் போட்டால் கோடு கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

செய்தபோது சரியாக இருந்தது, சில மாதத்தில் திறந்துகொண்டது

இது வெட்டின் குறை அல்ல, மரத்தின் அசைவு. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில்தான் விரிந்து சுருங்கும். ஈரக் காற்றில் சட்டம் அகலமாகி மூலையின் வெளிப்பக்கம் திறக்கும். வறட்சியில் ஒடுங்கி உள்பக்கம் திறக்கும். அகலமான சட்டத்தில் இது அதிகம் தெரியும், 2 செ.மீ. சட்டத்தில் கவனிக்கவே மாட்டீர்கள்.

வாங்கிய மரத்தை அன்றே வெட்டாமல், பிரேம் தொங்கப்போகும் அறையிலேயே ஒன்றிரண்டு வாரம் கிடத்திவையுங்கள். பூச்சு அடிக்கும்போது முன்பக்கத்தோடு நிறுத்திவிடாமல் பின்பக்கத்துக்கும் ஒரு கோட் கொடுங்கள். பின்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டால் அந்தப் பக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்துச் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

ஏற்கெனவே திறந்த பிரேமில், பருவம் மாறினால் இடுக்கு மூடுகிறதா என்று கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். மூடுகிற இடுக்கில் கெட்டியான புட்டியை அடைத்தால், மரம் விரியும்போது அதுவே ஆப்பாக மாறி மூலையை உடைக்கும். அந்தந்த நிற மெழுகைத் தேய்த்துவிட்டால் போதும்.

தூக்கியதும் மூலை கையோடு வந்துவிட்டது

உடைந்த முகத்தைப் பாருங்கள். பசை பளபளவென்று ஒரு பக்கம் மட்டும் படலமாக இருந்தால், ஒட்டும் முன்பே அது காய்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் வெறும் மரமாகத் தெரிந்தால், மரம் பசையைக் குடித்துவிட்டது. இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். சாய்த்து வெட்டும்போது மர நார்களின் வாய் திறந்துவிடுகிறது, உறிஞ்சுகுழல்போல அவை பசையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. சேரும் இடத்தில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

வெள்ளை மரப்பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இரண்டு முகத்திலும் முதலில் பூசுங்கள். நாலைந்து நிமிடம் விடுங்கள். குழல்கள் அடைபட்டுவிடும். அப்புறம் கெட்டிப் பசையைப் பூசி இறுக்குங்கள். கிளாம்ப் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும், ஆனால் முழு பலம் வர 24 மணி நேரம் ஆகும். அதற்குள் கண்ணாடி போடும் ஆசை வேண்டாம்.

பெரிய பிரேமுக்குப் பசை மட்டும் போதாது. பசை காய்ந்த பிறகு மூலையின் வெளி விளிம்பில் குறுக்காக ஒரு ரம்ப வெட்டுப் போட்டு, அந்தப் பிளவில் பசை தடவிய மெல்லிய மரத்தகட்டைச் செருகிவிடுங்கள். காய்ந்ததும் நீட்டிக்கொண்டிருப்பதை உளியால் சீவுங்கள். தகட்டின் நார் மூலையின் குறுக்கே ஓட வேண்டும், இரண்டு சட்டத்தையும் பிடித்திருப்பது அந்த நார்தான். வேறு நிற மரத்தில் செருகினால் அதுவே ஒரு அலங்காரம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஒரு பிரேம் கையால் செய்ததுதான் என்று அந்த ஒரு சிறு கோடு சொல்லிவிடும்.

ஆணி அடிக்கும்போது சட்டம் பிளக்கிறது என்றால், ஆணியை விடக் கொஞ்சம் மெல்லிய துளையை முதலில் போடுங்கள். டிரில் இல்லையென்றால் ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிடுங்கள். கூர்முனை நார்களை விலக்கிப் பிளக்கும், மழுங்கிய முனை நார்களை நசுக்கிக்கொண்டு இறங்கும்.

மூலையைச் சுற்றிச் சாயம் ஏறவில்லை

வெளிறிய திட்டுகளாகத் தெரிகிறதா? பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைத்தபோது அது மரத்தின் துளைகளுக்குள் பரவிவிட்டது. அந்த இடத்தைச் சுரண்டி, 120 நம்பர் உப்புத்தாளும் பிறகு 220 நம்பரும் போட்டுத் திரும்பச் சாயம் கொடுங்கள். அடுத்த பிரேமுக்கு, ஒட்டும் முன்பே சட்டங்களுக்குச் சாயம் அடித்துவிடுங்கள், வெட்டுமுகத்தில் மட்டும் படாமல். பிதுங்கும் பசையை ஓரளவு கெட்டிப்படவிட்டு உளியால் எடுத்தால் தோல்போல உரிந்து வரும்.

எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) சட்டத்தில் முகம் வழவழப்பாகவும் வெட்டிய விளிம்பு சொரசொரப்பாகவும் இருந்தால், விளிம்பு பெயின்டைக் குடிக்கிறது. தண்ணீர் கலந்த மரப்பசை ஒரு கோட், காய்ந்ததும் உப்புத்தாள், பிறகு பெயின்ட்.

கண்ணாடி உள்ளே போகவில்லை, அல்லது போய்விட்டுத் தானாக விரிசல் விடுகிறது

இது கணக்கில் வரும் கோளாறு. கண்ணாடி உட்காரும் காடி கண்ணாடியை விட 2 முதல் 3 மில்லிமீட்டர் பெரிதாக இருக்க வேண்டும். கண்ணாடி 200 க்கு 250 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் அகலம் 30, அதில் காடியின் அகலம் 6. காடி அளவு 203 க்கு 253. சட்டத்தின் மிச்ச அகலமான 24 ஐ இரண்டு பக்கமும் கூட்டினால் 48. ஆக, வெளிவிளிம்பில் அளக்கும்போது குட்டைச் சட்டம் 251, நெட்டைச் சட்டம் 301. பலரும் அந்த 3 மில்லிமீட்டரை விட்டுவிடுகிறார்கள், அல்லது காடியை மறந்து முழு 30 ஐயும் இரண்டு பக்கம் கூட்டிவிடுகிறார்கள். இரண்டாவது தவறில் கண்ணாடி தொளதொளவென்று ஆடும்.

ஒட்டிய பிரேமில் இடம் போதவில்லை என்றால், கண்ணாடியைத் திணிக்க வேண்டாம். காடியின் பக்கச் சுவரை உளியால் அரை மில்லிமீட்டர் சீவுவது எளிது. திணித்து உட்காரவைத்த கண்ணாடி அன்றைக்கு உடையாது. மரம் சுருங்கும் ஒரு நாளில் மூலையிலிருந்து கோடு கிளம்பும். கண்ணாடிக்குப் பதில் போடும் அக்ரிலிக் (தெளிவான பிளாஸ்டிக்) தாள் கண்ணாடியை விட அதிகம் விரியும் என்பதால் அதற்கு 3 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம்.

உள்ளே படம் நெளிகிறது

பிரேமைத் திறந்து படத்தைப் பின்னாலிருந்து பாருங்கள். நாலு பக்கமும் டேப் ஒட்டியிருந்தால் காரணம் அதுதான். காகிதம் விரியப் பார்க்கிறது, நாலு பக்கமும் கட்டிப்போட்டிருக்கிறோம், அது நடுவில் எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை. டேப் லேசாகப் பிடித்திருந்தால் மெல்ல உரித்துவிடலாம். வரவில்லையென்றால் இழுக்காதீர்கள், டேப்பைச் சுற்றி வெட்டிவிடுங்கள்.

சரியான முறை: படம் மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் தொங்க வேண்டும், கொடியில் காயும் துணிபோல. மெல்லிய, அமிலம் இல்லாத காகிதத்துண்டு இரண்டை மாவுப் பசையால் படத்தின் பின்புறம் மேல் ஓரத்தில் ஒட்டி, மறுமுனையைப் பின் அட்டையில் ஒட்டுங்கள். கீழும் பக்கங்களும் சுதந்திரமாக இருக்கட்டும். செலோடேப் எக்காரணம் கொண்டும் வேண்டாம். சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்தின் முன்பக்கம் வரை ஊறிவிடும், அந்தக் கறை போகாது.

புகைப்படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படித்துவிட்டுக் கை வையுங்கள்.

அப்பாவின் இளவயதுப் படம் ஒன்று எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் கண்ணாடியில் அழுந்தியபடி மாட்டியிருந்தது. புது பிரேம் போடலாம் என்று நான்தான் கழற்றினேன். ஓரம் எளிதாக வந்தது. அந்த நம்பிக்கையில் தொடர்ந்து இழுத்தேன். சட்டைக் காலரும் தோளின் ஒரு பகுதியும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன, என் கையில் அந்த இடத்தில் வெள்ளைக் காகிதம். வேறு பிரதி இல்லை. அந்தக் கண்ணாடித் துண்டை இன்றும் வைத்திருக்கிறேன்.

ஸ்டுடியோவில் ரசாயனத்தில் கழுவிய புகைப்படங்களின் மேல்பரப்பு ஜெலட்டின். ஈரம் பட்டால் அது இளகும், காயும்போது தொட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். ஆகவே ஒட்டிய படத்தைப் பார்த்தால் முதல் வேலை, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்வது. ஒட்டிய இடங்கள் வழியாகப் படம் தெளிவாகவே வரும். ஸ்கேனர் இல்லையென்றால், மங்கலான பகல் வெளிச்சத்தில் விளக்கின் பிரதிபலிப்பு விழாமல் நேர் மேலிருந்து பல படம் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அந்தப் பிரதியை அச்சிட்டு மாட்டிவிட்டு, மூலப் படத்தைக் கண்ணாடியோடேயே பத்திரப்படுத்துவதுதான் நல்லது. மூலமே வேண்டும் என்றால் காகிதம், புகைப்படம் பாதுகாக்கும் வல்லுநரிடம் கொடுங்கள். ஹேர் டிரையர் வைக்காதீர்கள், சூட்டில் ஜெலட்டின் இன்னும் இளகும். கத்தியை இடையில் செருகாதீர்கள். இங்க்ஜெட் அச்சு என்றால் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், மை கரைந்துவிடும்.

இனி போடும் பிரேம்களில், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை இருக்கட்டும். மவுண்ட் பிடிக்கவில்லையென்றால் காடிக்குள் மறையும்படி ஒரு மெல்லிய பட்டையைச் சுற்றிலும் ஒட்டுங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் காற்று போதும்.

பழுப்புக் கோடு, பழுப்புப் புள்ளி

மவுண்ட் ஜன்னலின் சரிந்த விளிம்பு வெள்ளையிலிருந்து பழுப்பாக மாறியிருந்தால், அந்த அட்டை மரக்கூழில் செய்தது. அதிலிருக்கும் லிக்னின் (மர நார்களைப் பிணைக்கும் பொருள்) நாளாக ஆக அமிலத்தை வெளிவிடும், படத்தில் ஜன்னல் அளவுக்கே ஒரு பழுப்புச் சட்டம் விழும். பின்னால் வைத்த பெட்டி அட்டையும் பிளைவுட்டும் இதையே செய்யும். விழுந்த கோட்டை வீட்டில் எடுக்க முடியாது, மேலும் ஆழமாகாமல் நிறுத்தலாம். அமிலம் இல்லாத அட்டைக்கு மாற்றுங்கள்.

சிதறிய புள்ளிகள் என்றால் ஈரம். வெளிச்சுவரிலோ குளியலறைச் சுவரிலோ ஒட்டினாற்போல் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை தலைகாட்டும். பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்னால் சிறு ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று ஓடும்.

படம் வெளுக்கிறது

மவுண்டைத் தூக்கி அதன் அடியில் மறைந்திருந்த ஓரத்தைப் பாருங்கள். அங்கே நிறம் அப்படியே இருந்தால் வெளிச்சம்தான் காரணம். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைத் தின்னும். அருங்காட்சியகங்களில் நீர்வண்ணம் போன்ற காகிதப் படைப்புகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் மங்கலாக விளக்கு வைப்பது இதனால்தான். போன நிறம் திரும்பாது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் பிரதியை மாட்டி, மூலத்தை இருட்டில் வையுங்கள்.

கண்ணாடிக்குள் தூசி, மங்கல்

மூடியபின் தெரியும் தூசி பெரும்பாலும் மவுண்ட் வெட்டிய துகளும் காடியில் இருந்த மரத்தூளும். ஆணி அடிக்கும் முன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், ஒவ்வொரு துகளும் நிழலோடு தெரியும். கண்ணாடி, மவுண்ட், படம், அட்டை நான்கையும் அடுக்கி விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டால் பிறகு எதுவும் நுழையாது. அக்ரிலிக் தாளைத் தேய்த்துத் துடைக்கத் துடைக்க நிலைமின்சாரம் ஏறித் தூசியை இன்னும் இழுக்கும், சோப்புத் தண்ணீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுங்கள். கரித்துண்டு, பேஸ்டல் ஓவியத்துக்கு அக்ரிலிக் வேண்டவே வேண்டாம், ஓவியத்தின் பொடியையே இழுத்துவிடும்.

உள்பக்கம் பனி படர்ந்தாற்போல் மங்கலாக இருந்தால், பூச்சு முழுதாகக் காயும் முன் மூடிவிட்டீர்கள். திறந்து, துடைத்து, மரத்தின் பூச்சு வாடை போகும் வரை ஆறவிட்டு மூடுங்கள்.

தொங்கும்போது சாய்கிறது, தலை கவிழ்கிறது

தலை முன்னால் கவிழ்ந்தால், கம்பி கட்டப் பின்னால் முடுக்கும் டி வடிவ வளையங்கள் அளவுக்கு மேல் கீழே இருக்கின்றன. மேலிருந்து உயரத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே மாற்றுங்கள். பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே இருந்தால் ஒரு கொக்கிக்குப் பதில் கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு கொக்கி அடியுங்கள்.

பக்கச் சட்டங்கள் உள்ளே வளைகின்றன என்றால் கம்பியைப் பாருங்கள். வீணைத் தந்திபோல் இழுத்துக் கட்டியிருப்பீர்கள். 5 கிலோ பிரேமில் கம்பி கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் 5 கிலோ இழுவை. 10 டிகிரி என்றால் 14 கிலோவுக்கு மேல். கம்பியைத் தளர்த்திக் கட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எடையையும் கணக்குப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 7.5 கிலோ. 60 க்கு 90 செ.மீ. பிரேமில் கண்ணாடி மட்டுமே 4 கிலோ, அதே தடிமன் அக்ரிலிக் 2 கிலோவுக்குள். கட்டிலுக்கு மேலும் குழந்தைகள் ஓடும் இடத்திலும் நான் அக்ரிலிக்தான் போடுவேன்.

பழைய பிரேமை வேறொன்றாக மாற்றியபோது

*தட்டாக்கினேன், மூலை விட்டுப்போகிறது.* பிரேமின் மூலை சுவரில் சும்மா தொங்குவதற்காகச் செய்தது, எடை தூக்க அல்ல. காடிக்குள் பிளைவுட் துண்டை வெறுமனே வைக்காமல், நாலு சட்டத்திலும் பசை போட்டுத் திருகாணியால் முடுக்குங்கள். இனி எடையைத் தாங்குவது பிளைவுட். கைப்பிடியையும் அந்தப் பிளைவுட்டோடு சேர்த்தே முடுக்கிவிடுங்கள்.

*எழுதுபலகையாக்கினேன், எழுதியது அழிந்தும் தெரிகிறது.* பெயின்ட் காய்ந்து மூன்று நாள் கழித்து, சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிறகுதான் முதல் எழுத்தை எழுத வேண்டும். பலகையின் நுண்துளைகளில் சாக்பீஸ் தூள் சீராக நிரம்பிவிடும். தவறவிட்டிருந்தால் லேசாக உப்புத்தாள் போட்டு, இன்னொரு கோட் அடித்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

*உலர்ந்த இலை, பூவை வைத்தேன், கறுத்துப் பூஞ்சை பிடித்தது.* இலை உலரவில்லை. காகிதங்களுக்கு இடையே பாரம் வைத்து, முதல் வாரம் காகிதத்தை அடிக்கடி மாற்றி, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். வளைத்தால் ஒடியும் சத்தம் வர வேண்டும். தடித்த காம்பும் பூவின் அடிப்பகுதியும்தான் கடைசியில் காயும், சோதனையை அங்கே செய்யுங்கள்.

*ஆழமான பெட்டி பிரேமில் பொருள்கள் கழன்று விழுகின்றன.* பசையை நம்ப வேண்டாம். குழந்தையின் முதல் சட்டை, பதக்கம், சாவி எதுவானாலும் பின் அட்டையில் துணி போர்த்தி, ஊசியால் துளையிட்டு நூலால் தைத்துவிடுங்கள். சட்டையைத் தோள்பட்டையில் இரண்டு தையல், கையில் ஒவ்வொன்று, அவ்வளவே. பின்னொரு நாள் அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்க்கத் தோன்றினால் நூலை அறுத்தால் போதும், துணியில் ஒரு கறை இருக்காது.